ராதாரிச் சீட்டு கேட்ட சாலை: ஆலங்குளத்திலிருந்து பெருங்காமநல்லூர் வரை

ஆலங்குளம் என்றதும் திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் வழியில் இருக்கும் ஊர்தான் பெரும்பாலோருக்கு ஞாபகம் வரும். இது வேறு ஆலங்குளம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே, வெம்பக்கோட்டைப் பக்கம், கரிசல் காட்டுக்கு நடுவே இருக்கும் விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். வெளியூர்க்காரர்களிடம் சொல்லும்போது 'சிமெண்ட் ஆலை ஆலங்குளம்' என்று சேர்த்தே சொன்னால்தான் குழப்பம் தீரும்.

மழை பெய்தால் செருப்பை விடாமல் பிடித்துக்கொள்ளும் கறுப்பு மண். வெயில் ஏறினால் அதே மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். பருத்தியும் மக்காச்சோளமும் போட்ட நிலம் கொஞ்சம், சீமைக்கருவேலம் மூடிய நிலம் கொஞ்சம். அதற்கு இடையில் சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்கள். அந்தக் கல்லை நம்பித்தான் இங்கே அரசு சிமெண்ட் ஆலை வந்தது. 1970இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை. 1976இல் தமிழ்நாடு சிமெண்ட்ஸ் கழகம் உருவானபோது அதன் கைக்கு வந்தது. 2021 நவம்பரில் அறிமுகமான 'வலிமை' சிமெண்டும் இந்தக் கழகத்தின் தயாரிப்புதான். சுற்றுப்பட்டு ஊர்களில் மற்றவர்களுக்குப் பட்டாசு ஆலை, தீப்பெட்டி வேலை, இல்லையென்றால் ராஜபாளையத்து நூற்பாலை.

வேலைக்காகப் பகலும் இரவும் நடமாடுகிற மக்கள் இவர்கள். அதனால் இந்தப் பகுதிச் சாலைகளில் ஒரு கேள்வி எப்போதும் காத்துக்கொண்டிருக்கும். 'யார் நீ? எங்கிருந்து வர்றே? எங்கே போறே?'

'எந்த ஊரு தம்பி?'

கரிசல் ஊர்களில் இந்தக் கேள்வியை முதலில் கேட்பது போலீஸ்காரர் இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்தான். புது முகம் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும். "தம்பிக்கு எந்த ஊரு? யார் வீட்டுக்கு வந்திருக்கீக?" என்று ஆரம்பித்து, அப்பா பேர், தாத்தா பேர் வரைக்கும் போய்விடுவார். பாதி அக்கறை, பாதி துப்பறிதல். சில சமயம் அதற்குள் சாதியைத் தெரிந்துகொள்ளும் ஆசையும் ஒளிந்திருக்கும். பிடித்தால் பதில் சொல்லலாம். பிடிக்காவிட்டால் "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சிரித்துவிட்டு நகரலாம். பெரியவருக்குக் கோபம் வந்தாலும் அதற்கு மேல் ஒன்றும் நடக்காது.

ஆலை வாசலில் அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது இன்னொரு வகை. அங்கே வேலைக்குச் சேரும்போதே சம்மதித்த ஏற்பாடு அது. ஷிப்ட் முடிந்து வெளியே வந்ததும் அட்டை சட்டைப்பைக்குள் போய்விடும். அதற்குப் பிறகு அவர் ஊருக்குள் ஒரு மனிதர், அவ்வளவுதான்.

இரவு 11 மணிக்கு மேல், சாலையில் தடுப்புகள் போட்டு, டார்ச் வெளிச்சம் முகத்தில் விழும்போது கேட்கப்படும் கேள்வி மூன்றாவது வகை. ராஜபாளையம் பக்கத்து நூற்பாலைகளில் 'அரை நைட்' முடிந்து வருகிற எவருக்கும் இந்த உரையாடல் பழக்கமானது.

"எங்கருந்து வர்றே?"

"ஷிப்ட் முடிஞ்சு வர்றேன் சார்."

"எந்த ஊரு?"

"ஆலங்குளம் பக்கம் சார்."

"ஐ.டி. கார்டு இருக்கா? வண்டி யாரு பேர்ல இருக்கு?"

பெரும்பாலும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, "ஹெல்மெட் போட்டுட்டுப் போ" என்று அனுப்பிவிடுவார்கள். இதில் போலீஸ் தரப்பு நியாயமும் உண்டு. ஆள் நடமாட்டம் குறைந்த கரிசல் சாலைகளில் செயின் பறிப்பு, ஆடு திருட்டு, மணல் வண்டி, உரிமம் இல்லாத பட்டாசு மருந்து என்று கவனிக்க வேண்டியது நிறைய. கொட்டும் பனியில் விடியவிடிய நிற்கும் காவலருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள்.

ஆனால், இந்த இரண்டு நிமிடம் எல்லோருக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. காரில் வருபவரிடம் 'சார்' என்று தொடங்கும் குரல், லுங்கியோடு சைக்கிளில் வருபவரிடம் 'டேய்' என்று இறங்குவதைப் பார்க்கிறோம். எந்த ஊர், எந்தத் தெரு என்று சொன்னதும் சிலருக்குக் கேள்விகள் குறைகின்றன. சிலருக்குக் கூடுகின்றன. அது ஏன் என்று புரிய, இதே வழியாக மேற்கேயும் வடக்கேயும் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

ராஜபாளையம்: ஆலைச் சங்கும் ஒரு முதல்வரும்

ராஜபாளையம் பஸ் நிலையத்தில் இறங்கினால் மேற்கே மலைத்தொடர் சுவர்போல நிற்கும். நாய்க்குப் பேர் போன ஊர். நூலுக்கும் பேர் போன ஊர். 1936இல் பி.ஏ.சி.ராமசாமி ராஜா தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ்தான் இங்கே ஆலைத் தொழிலுக்கு அச்சாரம். அதன் பிறகு ஊரைச் சுற்றி ஆலைகள் பெருகின. ஆலை வந்ததும் இரவில் நடமாடுவது இந்த ஊரில் இயல்பான விஷயம் ஆனது.

சுதந்திரப் போராட்ட வீரரும் சென்னை மாகாண முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்தவருமான பி.எஸ்.குமாரசாமி ராஜாவும் இந்த ஊர்க்காரர்தான். தன் வீட்டையே பொதுக்காரியத்துக்குக் கொடுத்தவர். அதுதான் காந்தி கலை மன்றம்.

அவருக்கு முன்பு முதல்வராக இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். இந்தப் பயணத்தின் கதையில் ஓமந்தூராரின் ஆட்சிக்கு ஒரு முக்கியமான இடம் உண்டு. அந்தக் கதை நடந்த ஊர் வரும்போது அதைப் பார்க்கலாம்.

ஸ்ரீவில்லிபுத்தூர்: பால்கோவாவும் நீதிமன்றமும்

அங்கிருந்து வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர். ஆண்டாள் கோயிலின் ராஜகோபுரம் தூரத்திலேயே தெரிந்துவிடும். தமிழக அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை. ரத வீதியில் நடந்தால் பால் சுண்டும் வாசனை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை இலையில் வைத்துச் சூடாகச் சாப்பிடுவதற்காகவே வண்டியை நிறுத்துகிறவர்கள் உண்டு.

வெளியூர்க்காரர்கள் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. ஆலங்குளத்தில் நடந்த ஒரு வழக்கானாலும் கடைசியில் இந்த ஊர்ப் படியைத்தான் ஏற வேண்டும். இரவுச் சாலையில் கேட்கப்பட்ட கேள்விக்குச் சட்டம் என்ன சொல்கிறது என்று யோசிக்க இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

முதல் விஷயம். தெருவில் நடந்துபோகும் ஒருவர் எப்போதும் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் என்று நம் நாட்டில் பொதுவான சட்டம் எதுவும் இல்லை. ஆதார் அட்டையைக் கையில் கொண்டுபோகாமல் நடப்பது குற்றம் கிடையாது. அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு, நாடு முழுக்கத் தடையின்றி நடமாடும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. 21ஆவது பிரிவு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் காவல்.

வண்டி ஓட்டினால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆவது பிரிவின்படி, சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியாக வேண்டும். 'சீருடையில்' என்ற சொல் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. செல்போனில் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ இருக்கும் உரிமமும் ஆர்.சி.யும் செல்லும். தாளாகக் கையில் இல்லை என்பதற்காக அபராதம் போட முடியாது.

பெயர் சொல்ல மறுத்தால்? பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத சிறு குற்றம் ஒன்றைக் காவலர் கண்ணெதிரே செய்துவிட்டு, பெயரும் முகவரியும் சொல்ல மறுத்தாலோ பொய் சொன்னாலோ, உண்மையான விவரம் தெரியும் வரை அவரைப் பிடித்துவைக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 39ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. அப்போதும் 24 மணி நேரத்துக்குள் விவரம் தெரியாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். குற்றம் எதுவும் செய்யாமல் வீட்டுக்கு நடந்துபோகிறவருக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

கேட்பவருக்கும் அடையாளம் வேண்டும். கைது செய்யும் காவலர் தன் பெயர் தெளிவாகத் தெரியும்படி பட்டை அணிந்திருக்க வேண்டும் என்று டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 1996 டிசம்பர் 18 அன்று. கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து, வீட்டாருக்குத் தகவல் என்று அந்தத் தீர்ப்பு போட்ட விதிகள் பிறகு சட்டத்திலேயே சேர்ந்துவிட்டன. பெண்களையும், 15 வயதுக்குக் கீழ் அல்லது 60 வயதுக்கு மேல் உள்ள ஆண்களையும் சாட்சி விசாரணைக்காக ஸ்டேஷனுக்கு வரச்சொல்லக் கூடாது. அவர்கள் வீட்டுக்கே போய்த்தான் விசாரிக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

இதே டிசம்பர் 18ஆம் தேதியில், 1962ஆம் ஆண்டு, இன்னொரு தீர்ப்பும் வந்தது. உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் மீது 1941இல் கொள்ளை வழக்கு போடப்பட்டது. ஆதாரம் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் போலீஸ் அவர் பெயரில் ஒரு சரித்திரப் பதிவேடு திறந்தது. நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டுவது, 'இருக்கிறாயா?' என்று சத்தம் போட்டு எழுப்புவது என்று தொந்தரவு தொடர்ந்தது. இரவில் வீடு தேடி வரும் அந்த வழக்கம் தனிமனித சுதந்திரத்தை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்பதை மட்டும் அன்றைக்கு ஏற்கவில்லை. அதற்கு இன்னும் 55 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ்.புட்டசாமி தொடர்ந்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அதை அடிப்படை உரிமை என்றார்கள்.

தாணிப்பாறை: பையைத் திறந்து காட்டும் பக்தர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி கிருஷ்ணன்கோவில் விலக்கில் மேற்கே திரும்பினால் வத்திராயிருப்பு. அதற்கும் அப்பால் சதுரகிரி மலையேறும் தாணிப்பாறை. அமாவாசை, பௌர்ணமி என்றால் இந்தச் சாலை முழுக்கக் கூட்டம். இந்தக் காடு 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் வருகிறது. அதனால் வாசலில் வனத்துறையினர் பைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக், தீப்பற்றும் பொருள் இருந்தால் வெளியே.

யாரும் பெரிதாக முகம் சுளிப்பதில்லை. கோடீஸ்வரர் பையும் திறக்கப்படுகிறது, கூலித்தொழிலாளி பையும் திறக்கப்படுகிறது. எதற்காகப் பார்க்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பார்த்து முடித்ததும் யார் பெயரும் எங்கும் எழுதப்படுவதில்லை. ஒரு சோதனையை மக்கள் ஏற்றுக்கொள்ள இந்த மூன்றும் போதும் போலிருக்கிறது. காரணம் தெரிய வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், அந்த இடத்தோடு முடிந்துவிட வேண்டும்.

இந்த மூன்றும் இல்லாத ஒரு சோதனை, இங்கிருந்து சிறிது தூரத்தில், 27 ஆண்டுகளுக்கு மேல் நடந்தது.

பெருங்காமநல்லூர்: 1920 ஏப்ரல் 3

மீண்டும் பெருஞ்சாலைக்கு வந்து, டி.கல்லுப்பட்டியில் திரும்பி, பேரையூர் வழியாக சேடபட்டிப் பக்கம் போனால் பெருங்காமநல்லூர். மதுரை மாவட்டம். மானாவாரிக் காடுகளுக்கு நடுவே ஒரு சாதாரண கிராமம். ஊரில் ஒரு நினைவுத் தூண் நிற்கிறது.

பிரிட்டிஷ் அரசு 1871இல் வட இந்தியாவில் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் அதைத் திருத்தி விரிவாக்கி, சென்னை மாகாணத்துக்கும் பொருந்தச் செய்தது. ஒரு சாதியில் பிறந்தாலே குற்றவாளி என்று பதிவுசெய்ய அந்தச் சட்டம் வழிவிட்டது. 1914இல் மதுரைக்கு அருகே கீழக்குயில்குடியில் தொடங்கி, சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் சமூகம் முழுவதையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். பிறகு ராமநாதபுரம், திருநெல்வேலிப் பக்கத்து மறவர்கள் உள்பட தமிழகத்தின் இன்னும் பல சமூகங்கள் மீதும் பாய்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ஆலங்குளமும் அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன.

கைரேகை பதிய வேண்டும் என்பதால் மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். ரேகை பதிந்த ஆண்கள் குறித்த நேரத்தில் காவல் நிலையத்திலோ ஊர்ச் சாவடியிலோ ஆஜராக வேண்டும். ராத்திரி அங்கேயே படுக்க வேண்டும். புது மாப்பிள்ளையாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. கல்யாண ராத்திரியில் மணமகன் சாவடியில் படுத்த கதைகள் இன்றும் சொல்லப்படுகின்றன.

வெளியூர் போக வேண்டுமா? அதற்கு ஒரு சீட்டு வேண்டும். அதன் பெயர் 'ராதாரிச் சீட்டு'. பாரசீகத்தில் 'ராஹ்' என்றால் வழி. யார் போகிறார், எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று எழுதி ஊர்த் தலையாரியோ மணியக்காரரோ தர வேண்டும். போன ஊரில் அதைக் காட்ட வேண்டும். அக்கா வீட்டு விசேஷம், மாடு வாங்க சந்தை, சாவு வீடு எதுவானாலும் இதுதான். சீட்டு இல்லாமல் வேற்றூரில் அகப்பட்டால் அதுவே குற்றம். சந்தேகப்படும்படி நின்றார் என்பதற்கே மூன்றாண்டு வரை சிறை வைக்கச் சட்டத்தில் இடம் இருந்தது.

சீட்டு எழுதித் தரும் கைக்கு எவ்வளவு அதிகாரம் வந்திருக்கும் என்று யோசித்தால் போதும். அவருக்குப் பிடிக்காதவர் ஊரைவிட்டு நகர முடியாது. வேலை இருந்தும் போக முடியாது. மருந்து வாங்கப் போனவரும் கையைக் கட்டி நின்று காரணம் சொல்ல வேண்டும்.

பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மாட்டோம் என்றார்கள். நாங்கள் உழுது பிழைப்பவர்கள், எங்களை ஏன் குற்றவாளி என்கிறீர்கள் என்பது அவர்களின் வாதம். 1920 ஏப்ரல் 3 அதிகாலை ஆயுதப் போலீஸ் ஊரைச் சூழ்ந்தது. மக்கள் மறுத்து எதிர்த்து நின்றார்கள். துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மாயாக்காள் என்ற பெண். அடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று ஊர் சொல்கிறது. ஏராளமானோர் கைதானார்கள். அவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர் மதுரையில் பாரிஸ்டராக இருந்த, கேரளத்தின் செங்கன்னூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஜோசப். கோட்டில் ரோஜாப்பூ வைத்திருப்பாராம். அதனால் மக்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்றார்கள். நன்றிக்காகப் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள்.

ஆண்டுதோறும் ஏப்ரல் 3 அன்று அந்தத் தூணுக்கு மாலை விழுகிறது. பொட்டல் வெயிலில் பெண்கள் பொங்கல் வைக்கிறார்கள்.

1930களில் முத்துராமலிங்கத் தேவர், ப.ஜீவானந்தம், பி.ராமமூர்த்தி என்று வெவ்வேறு அரசியல் வழிகளில் இருந்தவர்கள் இந்தச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார்கள். 1937இல் காங்கிரஸ் அமைச்சரவை வந்தபோதும் சட்டம் போகவில்லை. ஓமந்தூரார் முதல்வராகவும் டாக்டர் பி.சுப்பராயன் உள்துறை அமைச்சராகவும் இருந்தபோதுதான், 1947 ஜூன் 5 அன்று, சென்னை மாகாணத்தில் ரத்தானது. நாட்டுக்குச் சுதந்திரம் வர இரண்டு மாதங்களே இருந்தன. மற்ற மாகாணங்களில் பலர் இன்னும் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் ரத்தானது 1952 ஆகஸ்ட் 31 அன்று. அந்தச் சமூகங்கள் அந்த நாளை விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றன. தமிழக அரசுப் பட்டியலில் அவர்களுக்கு இப்போது 'சீர்மரபினர்' என்று பெயர்.

சட்டம் போனது. சந்தேகம் உடனே போகவில்லை. 1948இலேயே 'வழக்கமான குற்றவாளிகள்' கட்டுப்பாட்டுச் சட்டம் என்ற இன்னொன்று சென்னை மாகாணத்தில் வந்துவிட்டது. பழைய பட்டியல் சாதிகளின் பெயர்கள் சிறைக் கையேடுகளில் பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. 2024 அக்டோபர் 3 அன்றுதான் சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதி பார்க்கும் அந்த விதிகளை நீக்கச் சொன்னது. சீர்மரபினரைக் கண்மூடித்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று போலீசுக்கும் நினைவூட்டியது. ஊர்ப் பெயர் சொன்னதும் சிலருக்கு மட்டும் கேள்விகள் ஏன் நீள்கின்றன என்பதன் பழைய வேர் இங்கேதான் இருக்கிறது.

கடல் கடந்த சீட்டுகள்

சீட்டைக் காட்டு, ரேகை வை என்று கேட்கப்பட்ட தமிழர்கள் பெருங்காமநல்லூரில் மட்டும் இருக்கவில்லை. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையை மையில் பதித்து வாங்கியதில் தொடங்கி, 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு அமையும் அளவுக்கு அது வளர்ந்தது. அங்கே வளர்ந்த முறை உலகம் முழுக்கப் போனது.

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் ரேகை பதிந்து அட்டை வைத்திருக்க வேண்டும் என்றது அந்நாட்டு அரசு. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதித் திடலில் காந்தியின் தலைமையில் 2,000க்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகள் ஒரு பெரிய கொப்பரையில் கொளுத்தப்பட்டன. தம்பி நாயுடு போன்ற தமிழர்கள் அந்தப் போராட்டத்தின் முதுகெலும்பாக இருந்தார்கள். அனுமதியின்றி எல்லை தாண்டிச் சிறை சென்ற இளம்பெண் வள்ளியம்மை, 1914 பிப்ரவரியில் இறந்தார். நாம் பாடப் புத்தகத்தில் படித்த தில்லையாடி வள்ளியம்மை.

கொழும்பில் நடந்தது நம் காலத்துக் கதை. போர் ஆண்டுகளில் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற நாட்களை ஈழத் தமிழர்கள் மறக்கவில்லை. 2007 ஜூன் 7 அன்று, கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள், தங்கியிருக்கத் தக்க காரணம் இல்லை என்று சொல்லப்பட்டு, பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அட்டை கையில் இருந்தும் அது அவர்களைக் காப்பாற்றவில்லை. அட்டையில் இருந்த பெயரும் ஊரும்தான் அவர்களுக்கு எதிராகப் பேசின.

சீட்டு இப்போது எங்கே இருக்கிறது?

பெருங்காமநல்லூரிலிருந்து திரும்பும் வழியில் ஒவ்வொரு பெரிய முக்கிலும் கேமராக்கள். திருட்டு வண்டியைப் பிடிக்க, விபத்துக்குக் காரணமானவரைக் கண்டுபிடிக்க இவை உதவுகின்றன. காணாமல்போன பிள்ளையைத் தேடும் தாய்க்கு அந்தக் கேமராதான் கடைசி நம்பிக்கை.

அதே சமயம், கேள்வி கேட்காமலே பதில் எடுத்துக்கொள்ளும் காலமும் இது. முகத்தைப் படம் எடுத்துப் பழைய குற்றவாளிகளின் படங்களோடு ஒப்பிடும் மென்பொருளைத் தமிழ்நாடு போலீஸ் 2021 முதல் பயன்படுத்துகிறது. 2024 மே மாதம் அந்தத் தளத்திலிருந்து தகவல்கள் கசிந்ததாகச் செய்தியும் வந்தது. பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920இல் வந்த கைதிகள் அடையாளச் சட்டத்தை மாற்றி, 2022இல் குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் வந்திருக்கிறது. கைரேகையோடு கருவிழிப் பதிவும் எடுக்கலாம். பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். விசாரணையே இல்லாமல் விடுவிக்கப்பட்டவர்கள், எல்லா நிலைகளும் முடிந்து நிரபராதி என்று விடுதலையானவர்கள் ஆகியோரின் பதிவுகளை அழிக்க வேண்டும் என்றும் அந்தச் சட்டமே சொல்கிறது. அழிக்கப்பட்டதா என்று கேட்டு வாங்க அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராதாரிச் சீட்டு ஒரு தாள். அதைத் தந்தவர் யார், கேட்டவர் யார், கிழித்தவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அதை எதிர்த்துத் தெருவில் நிற்க முடிந்தது. இன்றைய பதிவு எந்தக் கணினியில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. தாணிப்பாறை வாசலில் பார்த்த மூன்றையும் இங்கேயும் கேட்கலாம். எதற்காக எடுக்கிறீர்கள்? எல்லோரிடமும் எடுக்கிறீர்களா? எப்போது அழிப்பீர்கள்?

போக விரும்புபவர்களுக்கு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டுக்கும் மதுரையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் பஸ், ரயில் வசதி உண்டு. ஆலங்குளத்துக்கு ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறலாம். காலையில் ஆலங்குளம், மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலும் பால்கோவாவும், மாலையில் டி.கல்லுப்பட்டி வழியாகப் பெருங்காமநல்லூர் என்று சொந்த வண்டியில் ஒரே நாளில் முடித்துவிடலாம். பங்குனி, சித்திரை வெயில் கடுமையாக இருக்கும். கார்த்திகை முதல் மாசி வரை சுகம். பிள்ளைகளை அழைத்துப் போவது நல்லது. நினைவுத் தூணில் இருக்கும் பெயர்களை அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.

திரும்பும்போது இருட்டிவிடும். வழியில் தடுப்பு போட்டு நிறுத்தினால் நிறுத்துங்கள். உரிமத்தைக் காட்டுங்கள். மரியாதையாகப் பேசுங்கள், மரியாதையை எதிர்பாருங்கள். சட்டையில் இருக்கும் பெயர்ப் பட்டையை ஒரு முறை பாருங்கள். முன்னால் சைக்கிளில் போகும் ஷிப்ட் தொழிலாளியையும் அதே மரியாதையோடு நடத்துகிறார்களா என்று கவனியுங்கள். இதே மண்ணில் நூறு வருஷத்துக்கு முன்பு ஒருவர் அக்கா வீட்டுக்குப் போகவே சீட்டு வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சைக்கிள்காரர் எந்தச் சீட்டும் இல்லாமல் ராத்திரி வீடு போய்ச் சேர்கிறார் என்றால், அதற்குப் பதினாறு உயிர் போயிருக்கிறது.